ஒருமனதாக நான்கு டயர்

வடக்கே பனிநாட்டில், ஹல்லாயார்வி நகராட்சியில் இருபத்தாறு வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான். பேர் ஹெல்வி. யார் என்ன பேசினார்கள் என்று எழுதுவதுதான் என் வேலை என்று நினைப்பீர்கள். கிடையாது. எங்கள் ஊரில் யாரும் அப்படி ஒன்றும் பேசிவிடமாட்டார்கள். பேசாமல் இருந்ததையெல்லாம் சம்மதம் என்று எழுதுவதுதான் என் வேலை. தலைவர் "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். எல்லோரும் காப்பிக் கோப்பையைப் பார்ப்பார்கள். சுத்தியல் மேஜையில் விழும். நான் "ஒருமனதாக" என்று எழுதுவேன்.

வாயை மூடிக்கொண்டிருப்பவன் ஒத்துக்கொண்டான் என்று அர்த்தமில்லை என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். யோசித்துக்கொண்டிருக்கலாம். மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை நான் எங்கே எழுதுவது?

தர்மோவின் டயர் விஷயம் வரும் வரை இதில் எனக்கு ஒரு உறுத்தலும் இருந்ததில்லை.

எங்கள் நகராட்சி அலுவலகம் ஆலைமேட்டின் உச்சியில் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு வரிசை வீடுகள். மேலே போக ஒரே சந்து. செங்குத்து, நடுவில் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் பாறை. பெரிய பனி லாரி அதில் நுழையாது. இடுப்பு மடங்கித் திரும்பும் சின்ன லோடர் ஒன்றுதான் முன்னால் தகட்டை மாட்டிக்கொண்டு ஏறிப் பனியைத் தள்ளும். அதை ஓட்டுகிறவன் தர்மோ. போன மே மாதம் பழைய லோடரை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார்கள். பூங்காத் துறையின் பேரில் வாங்கியதால், புல்லுக்கு வலிக்காத அகலமான வழுவழு டயரோடு வந்தது.

செப்டம்பர் முதல் வாரம் தர்மோ என் மேஜைக்கு வந்தான். கையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் ஒரே ஒரு வரி: "குளிர்கால டயர், ஒடுக்கமானது, ஆணி பதித்தது, நான்கு." அந்த ஆணிதான் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும்.

"ஏய்னோ டயர் கடையில ஒரு செட்டு இருக்கு. சாக்பீஸால என் பேரை எழுதி வெச்சிருக்கான்" என்றான்.

"இவ்வளவு சீக்கிரமா? இன்னும் இலைகூட உதிரலையே."

"டிசம்பர்ல வில்யாவுக்குக் குழந்தை பிறக்குது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வில்யா அவனுடைய ஒரே மகள். ஆலைமேட்டின் வரிசை வீட்டில்தான் இருக்கிறாள். புருஷன் சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. எங்கள் ஊர்ப் பிரசவ வார்டை மூடிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இப்போது பிரசவம் என்றால் நூற்று நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். அதற்கு முதலில் மேட்டை விட்டு இறங்க வேண்டும்.

காகிதத்தைத் தொழில்நுட்ப இயக்குநர் அஹ்தியிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது அவரைக் கவலைப்படுத்தியது.

"இதுல காரணமே இல்லையே, ஹெல்வி."

"குளிர்காலம்தான் காரணம்."

"அது தர்மோவோட கருத்து. நகராட்சியோட கருத்து என்னன்னு நமக்கு இன்னும் தெரியாது இல்லையா?"

நகராட்சியின் கருத்தைக் கண்டுபிடிக்க ஏழு பேர் கொண்ட டயர் பணிக்குழு அமைந்தது. அஹ்தி தலைவர். சுற்றுச்சூழல் ஆய்வாளர் சினிக்கா ஒரு உறுப்பினர். ஊரின் துடிப்பை வளர்ப்பதற்கென்று சம்பளம் வாங்கும் ஒஸ்காரி ஒருவன். மற்ற நால்வர் ஏலக்காய் பன்னுக்காக வருகிறவர்கள். அவர்கள் பெயரை நான் குறிப்பில் எழுதியிருக்கிறேன், இங்கே எழுதத் தேவையில்லை.

முதல் கூட்டம் அக்டோபரில். வாகன நிறுத்தம் மேட்டின் அடிவாரத்தில் இருப்பதால் எல்லோரும் நடந்துதான் ஏறி வரவேண்டும். அதற்காக அந்த மாதமே அலுவலகத்தில் எல்லோருக்கும் அடியில் ஆணி வைத்த ஷூ வந்துவிட்டது. பணிப் பாதுகாப்பு அலுவலர் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார், மறுநாள் பெட்டி வந்து இறங்கியது. அதற்குக் குழு எதுவும் கூடவில்லை. எங்கள் வழக்கப்படி வெளி ஷூவை வாசல் அலமாரியில் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே போய் உட்கார்ந்தோம். காப்பியை ஊற்றிக்கொண்டு, ஆணி தேவையா என்று விவாதிக்கத் தொடங்கினோம்.

"ஆணி தரையைச் சுரண்டும். தூசி எழும்பும். தூசி நுரையீரலுக்குப் போகும்" என்றார் சினிக்கா.

"டிசம்பர்ல தரையே வெளிய தெரியாதே" என்றான் தர்மோ. அவனை நிபுணர் என்று அழைத்து, கதவோரம் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"தெரியாத தரையும் தரைதானே, தர்மோ. நாம பாக்கலைங்கிறதுக்காக அதை மறந்துட முடியுமா?"

ஒஸ்காரி எழுந்து நின்றான். எங்கள் ஊரில் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிற ஒரே ஆள் அவன்தான். தெற்கிலிருந்து வந்தவன்.

"நம்ம ஊர் வாசகம் என்ன? 'எதிர்காலத்துக்குள் மென்மையாக'. ஆணியில எங்கங்க மென்மை இருக்கு? ஒரு முதலீட்டாளர் வர்றார், ஜன்னல் வழியா பாக்கறார், கரகரன்னு ஒரு வண்டி. என்ன நினைப்பார்? இந்த ஊர்ல வழுக்கும்னு நினைக்கமாட்டாரா?"

"வழுக்கத்தானே செய்யுது" என்றான் தர்மோ.

"அது உண்மை. நான் சொல்றது அபிப்பிராயம்."

அஹ்தி எல்லோரையும் சமமாகப் பார்த்தார். "குளிர்காலம்னா என்னன்னு வரையறுத்துட்டு மேல போகலாம். ஆட்சேபணை உண்டா?"

தர்மோ கதவோரத்தில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது. சுத்தியல் விழுந்தது. ஒருமனதாக என்று எழுதினேன்.

வரையறைக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஏரி ஓரம் உறைந்துவிட்டது. வில்யா வயிற்றைத் தள்ளிக்கொண்டு அலுவலகத்தைக் கடந்து போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டுவாள். நானும் கை காட்டிவிட்டு நாட்காட்டியைப் பார்ப்பேன்.

நவம்பரில் அறிக்கைகள் வந்தன. ஆணி டயரின் சத்தம் வரிசை வீட்டுக்காரர்களைப் பாதிக்குமா என்று ஒரு ஆய்வு. அந்த வரிசை வீட்டில் வில்யாவிடமும் படிவம் கொடுத்தார்கள். "சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்" என்று எழுதிக் கொடுத்தாள். அதைத் தூக்கக் கோளாறு என்ற தலைப்பின் கீழ் சேர்த்தார்கள்.

ஏய்னோ இரண்டு முறை எனக்கு ஃபோன் செய்தான். "ஹெல்வி, அந்தச் செட்டைக் கேட்டு வேற ஊர்க்காரன் வந்து நிக்கிறான். வெள்ளிக்கிழமை வரைக்கும் வெக்கிறேன்" என்பான். வெள்ளிக்கிழமை போகும். மறுபடி வெள்ளிக்கிழமை என்பான். நல்ல மனுஷன்.

தீர்மானக் கூட்டம் நவம்பர் கடைசியில் நடந்தது. பன்னுக்காக வராதவர்கள் ஆளுக்கொரு டயரை மனதில் வைத்திருந்தார்கள். சினிக்காவுக்கு ஆணியில்லாத மென்ரப்பர். ஒஸ்காரிக்கு மறுசுழற்சி ரப்பரில் செய்து ஓரத்தில் நகராட்சியின் நீல நிறம் பூசிய ஒரு வழுவழுப்பு. அஹ்திக்கு, ஏற்கெனவே வண்டியில் இருக்கும் புல்வெளி டயர். அது நம்மிடம் இருக்கிறது என்பது அதன் பெரிய சிறப்பு என்றார். தர்மோவுக்கு ஆணி.

பன் தட்டு ஒரு சுற்று வந்தது. அப்போது அஹ்தியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷத்தில் அந்த மலர்ச்சியை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் கட்டடம் ஏதாவது ஒன்று இடிந்திருக்கிறது.

"வண்டிக்கு எத்தனை சக்கரம்?"

"நாலு" என்றான் தர்மோ.

"கருத்து எத்தனை?"

அஹ்தி தானே விரல்விட்டு எண்ணினார்.

"நாலு! நண்பர்களே, யாரையும் தோற்கடிக்க வேண்டிய அவசியமே இல்ல. முன்னால இடது, ஆணி. முன்னால வலது, மென்ரப்பர். பின்னால இடது, புல்வெளி. பின்னால வலது, நீலம். ஒரே வண்டி, ஒரே பனி, நாலு டயர். ஒப்பீட்டுச் சோதனை! வசந்தத்துல அறிக்கை. எந்த ஊருக்காவது இப்படி வாய்ச்சிருக்கா?"

"நாலும் நாலு உயரம்" என்றான் தர்மோ. "வண்டி ஒரு பக்கமா இழுக்கும். இறக்கத்துல பின்பக்கம் முன்ன வந்துரும்."

"அதையெல்லாம் அளந்து எழுதணும். அதுக்குத்தானே சோதனை" என்றார் சினிக்கா அன்பாக.

"என் பொண்ணு மேல இருக்கா."

எங்கள் ஊரில் கூட்டத்தில் யாரும் சொந்த விஷயம் பேசமாட்டார்கள். அவன் பேசியதற்காக எல்லோரும் கூசிப்போய்க் கோப்பைக்குள் பார்த்தோம். நானும் பார்த்தேன். அஹ்தி மெதுவாக, மரியாதையாகக் கேட்டார்: "ஆட்சேபணை உண்டா, தர்மோ?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். அவனுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாகிவிட்டது. அதையே மறுபடி சொல்வது எங்கள் ஊரில் கெஞ்சுவதற்குச் சமம். சுத்தியல் விழுந்தது.

வெளியே போகும்போது என் மேஜைப் பக்கம் நின்றான். "என்ன எழுதின?"

"வழக்கமா எழுதறதுதான்."

"அந்தப் பேனாவுக்கு வேற வார்த்தையே தெரியாதா, ஹெல்வி?"

எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ.

டிசம்பர் ஒன்பது. முந்தைய நாள் மழை பெய்து உறைந்திருந்தது. அதன் மேல் விடிவதற்குள் முழங்கால் உயரப் பனி. ஒன்பது மணிக்குச் சோதனைக் கண்காணிப்புக் கூட்டம். எல்லோரும் ஆணி ஷூவில் சௌகரியமாக ஏறி வந்து சேர்ந்தோம். "நடக்கறதுக்கு அருமையா இருக்கு" என்றார் சினிக்கா.

பத்தேகாலுக்கு வாசல் கதவை யாரோ தட்டினார்கள். நான் போய்த் திறந்தேன். வில்யா. கோட்டுக்குள் வீட்டு உடை, காலில் இரண்டு ஜோடி காலுறை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சு. ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சாம். அப்பா வண்டியைக் கொண்டு வர்றேன்னார்."

வண்டி வரும் சத்தம் எனக்கும் கேட்டது. எஞ்சின் உறுமி ஏறியது. வளைவு வரை வந்தது. பிறகு ஒரு சக்கரம் மட்டும் பனிக்கட்டியைக் கடிக்கும் கரகரப்பு, மற்ற மூன்றும் வெறுமனே சுழலும் சீற்றம். ஜன்னலுக்கு ஓடினேன். லோடர் நடுவில் மடங்கிப் பின்பக்கமாக வழுக்கி, சந்துக்குக் குறுக்கே பாறைக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கி நின்றது. இனி மேலே எதுவும் வராது, கீழே எதுவும் போகாது.

வில்யாவைக் கூட்ட அறைக்குள் அழைத்துப் போனேன். அலுவலகத்தில் கணப்பு ஒழுங்காக வேலை செய்யும் அறை அது ஒன்றுதான்.

அஹ்தி கடிகாரத்தைப் பார்த்தார். "ஹெல்வி, இந்த அறை பன்னிரண்டு மணி வரைக்கும் நம்ம பேர்ல பதிவாயிருக்கு."

"எந்திரிங்க" என்றேன்.

இருபத்தாறு வருஷத்தில் நான் அந்த அறையில் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பன் தட்டை ஒருவர் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்.

மேஜையில் எல்லோருடைய கோட்டையும் விரித்தேன். ஃபோனில் ஒரு செவிலி பேசினாள். அவள் சொன்னதையெல்லாம் செய்தேன். தர்மோ கீழிருந்து ஊர்ந்து, விழுந்து, எழுந்து வந்து சேர்ந்தான். முட்டி கிழிந்து ரத்தம். மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, பயமா இருக்குப்பா."

"இருக்கட்டும். எனக்கும்தான் இருக்கு. என் கையை நல்லா இறுக்கிப் பிடி."

கதவிடுக்கு வழியாக அஹ்தி தலையை நீட்டினார். "கூட்டத்தை முடிக்காம பாதியில விட்டா காப்பீட்டுல சிக்கல் வரும். 'பிற விஷயங்கள்'ங்கிற தலைப்புல இதை எடுத்துக்கலாமா?"

பதினொன்று நாற்பதுக்குக் குழந்தை வெளியே வந்தது. நீலமாக இருந்தது. அழவில்லை. செவிலி ஃபோனில் முதுகைத் தேயுங்கள், தேயுங்கள், நிறுத்தாதீர்கள் என்றாள். நான் தேய்த்தேன். தர்மோ வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான், சத்தம் வரவில்லை. அந்த அமைதியை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். என் வாழ்நாள் முழுக்க எழுதிய அத்தனை அமைதியும் ஒன்றாக வந்து அந்த மேஜையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிறகு குழந்தை ஒரு முறை விக்கியது. வீறிட்டது. தாழ்வாரத்தில் நின்ற ஏழு பேரும் கைதட்டினார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் பனியில் நடந்து, லோடர் மேல் ஏறிக் குதித்து வந்து சேரும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. தாயையும் பிள்ளையையும் சறுக்குப் பலகையில் கட்டி, தர்மோ கயிற்றைப் பிடித்து இறக்கினான். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் பிழைத்து, அதே பலகையில் மேலே வீடு திரும்பினார்கள்.

அன்றைய குறிப்பில் இப்படி இருக்கிறது: "பிரிவு ஆறு. பிற விஷயங்கள். பெண் குழந்தை. தகவலுக்காகப் பதிவு செய்யப்பட்டது."

இதோடு புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மறுபடி கூடினோம். லோடரை எப்படியோ அடிவாரத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள். சந்தில் அன்று முதல் யாரும் பனி தள்ளவில்லை. நடந்து நடந்து மிதிபட்டுக் கண்ணாடியாக இறுகியிருந்தது. ஆணி ஷூ போட்டவர்களுக்கு அது தெரியவில்லை. ஷூக்களை வாசலில் விட்டோம். உட்கார்ந்தோம். தர்மோ கதவோரம் உட்கார்ந்தான்.

ஒஸ்காரி எழுந்து நின்று ஒரு வரைபடத்தைக் காட்டினான்.

"பத்தொன்பது வருஷமா நம்ம ஊர் எல்லைக்குள்ள பிறந்த குழந்தை எத்தனை? பூஜ்யம். இந்த டிசம்பர்ல? ஒண்ணு! எல்லாரும் பக்கத்து நகரத்துக்குப் போய்ப் பெத்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப இங்கயே பெத்துக்கறாங்க. நடுவுல என்ன மாறிச்சு? டயர் மட்டும்தான்!"

அஹ்தி தலையை ஆட்டினார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. "நான் எப்பவும் சொல்றதுதான். ஒரு முடிவு சரியா தப்பான்னு எடுக்கும்போது தெரியாது. எடுத்ததுக்கப்புறம் அதுக்கு ஒரு நல்லது கிடைக்கற வரைக்கும் பொறுமையா தேடணும். சோதனையை அடுத்த குளிர்காலம் வரைக்கும் நீட்டிக்கலாம். பக்கத்து ஊர்களுக்கும் சிபாரிசு பண்ணலாம். ஆட்சேபணை உண்டா?"

எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள். நான் தர்மோவைப் பார்த்தேன். கதவோர நாற்காலி காலியாக இருந்தது. அவன் எப்போது எழுந்து போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

"ஆக, ஒருமனதாக" என்றார் அஹ்தி. சுத்தியலை எடுக்கப் போனவர், பன்னில் கை பட்டதும் அதை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வாசலில் சினிக்காதான் முதலில் கத்தினார். அலமாரியில் எல்லோருக்கும் வலது ஷூ இருந்தது. இடது ஷூ ஒருவருக்கும் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று வைத்திருந்தது: ஒருவருக்குக் கோடைச் செருப்பு, ஒருவருக்கு ரப்பர் பூட்ஸ், அஹ்திக்குக் குளியலறைச் செருப்பு. ஒஸ்காரிக்கு நீல நிறத்தில் ஒரு கம்பளிச் செருப்பு. என் ஷூவும் ஒன்று இல்லை. ஒரு நிமிஷம் எனக்குச் சுருக்கென்றது. பிறகு, அதுவும் நியாயம்தான் என்று தோன்றியது.

கதவைத் திறந்தோம். அடிவாரத்தில் தர்மோ லோடரில் சாய்ந்து நின்றான். முன்னால் தகட்டுக்குப் பதில் மாட்டியிருந்த அள்ளுவாளிக்குள் எட்டு இடது ஷூ. பக்கத்தில் ஏய்னோவின் வேன். ஏய்னோ இறங்கி, சாக்பீஸில் பேர் எழுதிய செட்டில் மீதி மூன்று டயரை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தான்.

"தர்மோ! இது என்ன வேலை?" என்று அஹ்தி கூவினார்.

"ஒப்பீட்டுச் சோதனை!" என்று கீழிருந்து பதில் வந்தது. "ஒரே மேடு, ரெண்டு கால்! வசந்தத்துல அறிக்கை தர்றேன்!"

பன்னுக்காக வருகிறவர்களில் ஒருவர் துணிந்து இறங்கினார். வலது கால் நின்றது, இடது கால் போனது. தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிப் பாறையோரப் பனியில் போய்ப் புதைந்தார். சினிக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அந்தக் கண்ணாடிச் சந்தை முதல் முறையாகப் பார்த்தார். உண்மையாகவே அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இதுல எப்படிய்யா இறங்கறது?" என்றார் அஹ்தி.

"வில்யாவும் அதைத்தான் கேட்டா" என்றேன்.

குளிர் மைனஸ் பதினெட்டு. நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"தலைவரே, நீங்க சுத்தியல் தட்டலை. விதிப்படி கூட்டம் இன்னும் முடியலை. நான் ஒரு திருத்தம் வாசிக்கறேன். சோதனை இத்தோட முடியுது. நாலு சக்கரத்துக்கும் தர்மோ கேட்ட ஆணி டயர். இப்பவே. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

அஹ்தி என்னைப் பார்த்தார். குளியலறைச் செருப்பைப் பார்த்தார். கீழே ஏய்னோ ஜாக்கி போட்டுத் தூக்கத் தொடங்கியிருந்தான். ஒஸ்காரி வாயைத் திறந்தான், குளிர்காற்று உள்ளே போனதும் மூடிக்கொண்டான்.

முக்கால் மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றோம். பிறகு எஞ்சின் உறுமியது. லோடர் கரகரவென்று பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு, வளைவில் கொஞ்சமும் அசையாமல், எங்கள் எட்டு ஷூவையும் சுமந்துகொண்டு நேராக மேலே ஏறி வந்தது. வரிசை வீட்டு ஜன்னலில் வில்யா குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தர்மோ வாளியை என் காலடியில் இறக்கினான். "என்ன எழுதின?" என்று கேட்டான்.

காட்டினேன். ஒருமனதாக.